கீழே இருந்த எண்

எங்கள் அறையில் ஆறு நாற்காலிகள். குழுவில் நாங்கள் ஏழு பேர். அதனால் திங்கட்கிழமைக் கூட்டங்களில் நான் உடற்பயிற்சிக்கு வைத்திருக்கும் பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்காருவேன். முதுகுக்கு நல்லது. இங்கே நீங்கள் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, தண்ணீரும் வைத்து, நடந்ததை என் போக்கில் எழுதச் சொல்லிவிட்டு வெளியே போனது பெரிய உதவி. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுத வரும்.

விசாரணைக் குழுவில் உள்ள உங்கள் மூவரில் ஒருவர் வேதியியல் பேராசிரியர் என்று சொன்னார்கள். அவருக்கு இது சட்டென்று புரிந்துவிடும். மற்ற இருவருக்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

நம் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடுபவர்கள் பதினொரு பேர். பயிற்சியாளர் குழுவில் பெரிய கோச், அவருக்கு உதவியாகச் சின்ன கோச், தடுப்பாட்டத்துக்கு ஒருவர், வீடியோ எடுக்க ஒருவர், மேலாளர் ஒருவர், மன உறுதிக்கு ஒருவர். சுவர்களில் வாசகங்கள் ஒட்டுவது மன உறுதிக்காரரின் வேலை. கழிப்பறைக் கதவின் உட்புறம் ‘வலி என்பது வெறும் கருத்து’ என்று ஒட்டியிருப்பதும் அவர்தான். கடைசியாக நான். உடலியங்கியல் பட்டதாரி. காயம்பட்டவர்களை மறுபடியும் களத்தில் இறக்குவது என் பொறுப்பு. போட்டி நாட்களில் எங்கள் ஏழு பேருக்கே பெஞ்சு சரியாகிவிடும். மாற்று ஆட்டக்காரிகள் தரையில் உட்காருவார்கள்.

அணியில் ஆறடி இரண்டு அங்குலத்துக்கு ஒரு பெண் இருந்தாள். தோழிகள் அவளை ஏணி என்பார்கள். பேருந்தில் நின்றால் மேல் கம்பி அவள் நெற்றிக்கு நேராக வரும். அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். அவள் களத்தில் இருந்தால் நம் அணி ஜெயிக்கும், இல்லாவிட்டால் தோற்கும். இதைக் கண்டுபிடிக்க ஏழு பேர் தேவையில்லை. ஆனாலும் எங்கள் வீடியோக்காரர் இதை நாற்பது படங்களோடு ஒருமுறை விளக்கினார்.

போன ஆண்டு ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஏணியின் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாவ வேண்டும். அடிபட்ட கால் தாவும் தூரம், நல்ல கால் தாவும் தூரத்தில் தொண்ணூறு சதவீதமாவது இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். பிறகுதான் அவள் ஆடலாம். நல்ல விதி. உலகத்தில் பல இடங்களில் இருக்கும் விதி.

நான் முதன்முதலில் அளந்தபோது வலது கால் நூற்று அறுபது சென்டிமீட்டர் தாவியது. இடது கால் நூற்றுப் பதினெட்டு. எழுபத்து நான்கு சதவீதம்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் இந்தச் சதவீதத்தை ஒரு வரைபடமாகத் திரையில் காட்டுவேன். கோடு மேலே போகும். அப்போது மட்டும் ஆறு பேரும் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். கூட்டத்தில் என் குரல் மேசையின் அந்தப் பக்கம் வரை போகாது. கோடு போகும். இதை நான் முக்கியமானதாகக் கருதவில்லை. கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இடது கால் நூற்று இருபத்தாறை எட்டியதும் நின்றுவிட்டது. எழுபத்தொன்பது சதவீதம். அடுத்த திங்கள் எழுபத்தொன்பது. அதற்கடுத்த திங்களும் அதே.

“என்னம்மா விஞ்ஞானி, கோடு படுத்துக்கிச்சு?” என்றார் பெரிய கோச். குழுவில் எனக்கு அதுதான் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அரையிறுதிக்கு இன்னும் ஆறு வாரம். தொண்ணூறு வந்துருமா?”

“இப்படியே போனா வராது சார்.”

“வராதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் எதுக்கும்மா? அதை நானே சொல்லிட்டுப் போயிடுவேனே.”

சின்ன கோச் உதவிக்கு வந்தார். “டாக்டர்கிட்ட பேசி எண்பதுக்கு ஒத்துக்க வைக்கலாமா சார்?”

“அந்தாளு யார் பேச்சையும் கேக்க மாட்டாரு. தாளை மட்டும்தான் பாப்பாரு. தாள்ல தொண்ணூறு இருக்கணும். அவ்வளவுதான்.”

அதோடு எல்லோரும் கைபேசிக்குத் திரும்பிவிட்டார்கள். இதற்குமேல் அவர்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. அடுத்து வந்த யோசனை முழுக்க என்னுடையது. இதில் வேறு யாருக்கும் பங்கு கொடுக்க நான் விரும்பவில்லை.

ஏணிக்கும் அந்த ஆட்டம் தேவைப்பட்டது. அவளுக்கு அது கடைசி ஆண்டு. துறைமுக அணியின் தேர்வாளர் அரையிறுதியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். எடுத்துக்கொண்டால் அணியில் இடமும் துறைமுகத்தில் வேலையும். அவள் அம்மா பேருந்து நடத்துநர். அப்பா இல்லை. “அக்கா, ஒரே ஒரு ஆட்டம். அதுக்குப் பிறகு நொண்டி நொண்டி நடந்தாலும் பரவாயில்ல” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். இந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். விருப்பம் அவளுடையது என்பதற்கு ஆதாரம்.

அன்று மாலை உடற்பயிற்சிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து அந்தச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மேலே இடது கால், கீழே வலது கால். மேலே உள்ள எண்ணை ஏற்றுவதற்கு எட்டு மாதம் உழைத்திருந்தோம். கீழே உள்ள எண்ணை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நூற்று இருபத்தாறு என்பது நூற்று நாற்பதில் சரியாகத் தொண்ணூறு சதவீதம். வலது கால் இருபது சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்தால் போதும்.

தசையை வளர்க்க மாதங்கள் வேண்டும். இளைக்க வாரங்கள் போதும். உடல் இந்த ஒரு விஷயத்தில் நன்றாக ஒத்துழைக்கும்.

மறுநாள் ஏணியின் வலது காலுக்கு, தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை, கம்பி வைத்த கட்டு ஒன்றைப் போட்டேன். முழங்கால் மடங்காது. குளிக்கும்போதும் என்னிடம் தாவிக் காட்டும்போதும் தவிர கழற்றக் கூடாது என்றேன்.

“இது நல்ல காலாச்சே அக்கா?”

“எட்டு மாசமா உன் பாரத்தை முழுசா இதுதானே சுமந்துட்டிருக்கு. அதுக்கும் ஓய்வு வேணும்ல.”

அவள் கட்டைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “இதுவரைக்கும் எல்லாரும் இடது காலைப் பத்திதான் கேட்டாங்க. இந்தக் காலைப் பத்தி ஒருத்தர்கூட கேட்டதில்ல. நீங்கதான் நெனச்சுப் பாத்திருக்கீங்க.”

அவள் சொன்னது சரி. நான்தான் நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது வாரம் அவள் அம்மா வந்தார். வேலை முடிந்து நேராக வந்ததால் சீருடையில் இருந்தார். தோளில் தோல் பை தொங்கியது. மகளைப் பார்த்ததும் குனிந்து கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்தக் கால்ல ஆபரேஷன் பண்ணாங்க?”

“இடது கால்லம்மா.”

“அப்ப கட்டு ஏன் வலதுல இருக்கு?”

“அம்மா, அக்கா இதுக்குன்னே படிச்சவங்க. நீ சும்மா இரு” என்றாள் ஏணி.

“இருடி. பதினெட்டு வருஷமா ஓடுற பஸ்ல நின்னுட்டு வர்றேன். காலைப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும். வலிக்கிற காலை விட்டுட்டு வலிக்காத காலைக் கட்டிப்போட்டா, வண்டி ஓடுமா? என்னம்மா, நீங்களே சொல்லுங்க.”

எனக்கு நேருக்கு நேர் கேள்வி கேட்டால் காது சிவந்துவிடும். தரையைப் பார்த்துக்கொண்டு, “இது சமநிலை முறைம்மா” என்றேன். அப்படி ஒரு முறை கிடையாது. அந்த நொடியில் வாயில் வந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் அது நல்ல பெயராகத்தான் பட்டது.

“என்னமோ. படிச்சவங்க சொல்றீங்க” என்றார் அவள் அம்மா. போகும்போது பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்களை எடுத்து, ஒன்றை மகளிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார்.

இப்போது எண்கள். நான் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. இதை நீங்கள் தயவுசெய்து பதிவு செய்துகொள்ள வேண்டும். வலது கால் நூற்று ஐம்பத்தாறுக்கு வந்தது. பிறகு நூற்று ஐம்பத்திரண்டு. பிறகு நூற்று நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்து நான்கு. இடது கால் நூற்று இருபத்தாறிலேயே அசையாமல் நின்றது. சதவீதம் எண்பத்தொன்று, எண்பத்து மூன்று, எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழரை. குறிப்பேட்டில் இரண்டு காலுக்கும் தனித்தனிப் பத்தி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்த்திருக்கலாம். அது அறை மேசையின் மேல்தான் கிடந்தது. சின்ன கோச் அதன் மேல் தேநீர் டம்ளர் வைப்பார்.

திரையில் கோடு ஏறியது. எண்பத்தைந்து வந்த திங்கட்கிழமை கை தட்டினார்கள். பெரிய கோச் வீடியோக்காரரை எழுப்பிவிட்டார்.

“எந்திரிப்பா. விஞ்ஞானி உக்காரட்டும். வேலை செய்யறவங்க பந்து மேல உக்காந்திருக்காங்க, நீ படம் புடிச்சிட்டு நாற்காலியில உக்காந்திருக்கே.”

“நான் எங்க சார் உக்கார்றது?”

“பந்து காலியாத்தானே இருக்கு?”

அன்றைக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்படி இந்த முன்னேற்றம் வந்தது என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்து, சொல்லத் தயாராகவும் இருந்தேன். மன உறுதிக்காரர் மட்டும் பேசினார். தான் ஒட்டிய வாசகங்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்றார்.

ஐந்தாவது வாரத்தில் ஏணி ஒரு விஷயம் சொன்னாள். கட்டைக் கழற்றிவிட்டு நடந்தால் வலது முழங்கால் திடீரென்று நழுவுவதுபோல் இருக்கிறதாம். மாடிப்படி இறங்கும்போது இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். “ஓய்வு எடுத்தது அதிகமாயிருச்சோ அக்கா?” என்று கேட்டாள். நான் குறிப்பேட்டில் ‘வீராங்கனை ஒத்துழைப்பு நன்று’ என்று எழுதினேன்.

அரையிறுதிக்கு மூன்று நாள் முன்பு இறுதிச் சோதனை. இன்னும் நான்கு சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது. சோதனைக்கு முன் உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. எவ்வளவு என்று விதியில் இல்லை. விடுதியின் நான்கு மாடிகளையும் ஏறச் சொன்னேன். ஒவ்வொரு படியிலும் வலது காலை மட்டும் ஊன்றி ஏற வேண்டும். இறங்குவதற்கு மின்தூக்கி. இப்படி ஆறு முறை. நானும் கூடவே ஏறினேன், அவளைத் தனியாக விடவில்லை.

“அக்கா, வலது கால் கிடுகிடுன்னு நடுங்குது.”

“நல்லா சூடாயிருக்குன்னு அர்த்தம்.”

“இடதுக்குச் சூடு வேணாமா?”

“அது ஆபரேஷன் பண்ண கால்மா. பத்திரமா வெச்சுக்கணும்.”

பிறகு தாவச் சொன்னேன். முதலில் இடது. நூற்று இருபத்தாறு. அடுத்து வலது. நூற்று நாற்பது. தரையில் போட்ட கோட்டை நான் இரண்டு முறை குனிந்து பார்த்தேன். மில்லிமீட்டர் பிசகவில்லை. என் படிப்பில் எந்தச் செய்முறைத் தேர்விலும் எதிர்பார்த்த விடை இவ்வளவு துல்லியமாக எனக்கு வந்ததில்லை.

மருத்துவர் மருத்துவமனை வாசலில் தன் காரின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். காதில் கைபேசி இருந்தது. என்னைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். ஏணி அங்கேயே என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இறக்கிவிடும்போது கொஞ்சம் தடுமாறினாள். வலது பக்கம்தான்.

ஆட்டம் எதிர்ச்சாலைக் கல்லூரியோடு. முதல் பகுதியில் ஏணி பன்னிரண்டு புள்ளிகள் எடுத்தாள். தேர்வாளர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டாவது பகுதி தொடங்கி நான்கு நிமிடம். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எல்லோருக்கும் மேலே எழும்பி இரு கையாலும் பறித்தாள். அழகாக இருந்தது. இறங்கும்போது யாரோ இடித்ததில் இடது கால் தரைக்கு வரவில்லை. வலது கால் மட்டும் வந்தது.

பென்சில் முறிவதுபோல் ஒரு சத்தம். அது பெஞ்சு வரை கேட்டது.

நானும் பெரிய கோச்சும் ஓடினோம். ஓடிக்கொண்டே, “எந்தக் கால், எந்தக் கால்?” என்று கேட்டார்.

“வலது சார்.”

அவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மூச்சு விட்டார். “நல்லவேளை.”

பின்னாலேயே வந்த சின்ன கோச், “அப்ப நம்ம கால் தாங்கிடுச்சு சார்” என்றார்.

ஏணி தரையில் கிடந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அவர் பாத்துட்டிருக்காராக்கா? போயிட்டாரா?” என்றுதான் கேட்டாள். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். தேர்வாளர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இருக்கிறார் என்று சொன்னேன். அப்போது அது உண்மைதான்.

ஆட்டத்தில் தோற்றோம். மறுநாளே கல்லூரிக்கு அறிக்கை போனது. ‘அறுவை செய்யப்பட்ட இடது கால் முழு ஆட்டப் பளுவையும் தாங்கியது. மறுவாழ்வுப் பயிற்சி வெற்றி. வலது காலில் நேர்ந்தது எதிர்பாராத விபத்து.’ ஏழு பேரும் கையெழுத்திட்டோம். அடுத்த ஆண்டு மற்ற விளையாட்டுகளுக்கும் இதே முறையைக் கொண்டுபோகலாம் என்று மேலாளர் ஒரு பத்தி சேர்த்திருந்தார்.

யாரும் என்மேல் புகார் கொடுக்கவில்லை. நானேதான் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். மனசாட்சி உறுத்தியதா என்று உங்கள் குழுவில் இருக்கும் அம்மையார் கேட்டார். அறிக்கையில் ‘எதிர்பாராத விபத்து’ என்ற சொற்கள்தான் உறுத்தின. எனக்கு அது பொறுக்கவில்லை. அறிவியல் படித்த யாருக்கும் பொறுக்காது. விபத்து என்றால் காரணம் தெரியாது என்று பொருள். இங்கே காரணம் தெரியும். ஆறு வாரத்துக்கு, ஒவ்வொரு சென்டிமீட்டராக, தேதியோடு எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் தாளில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வலது கால் பலவீனமாகும் என்று தெரிந்தே கட்டுப் போட்டீர்களா என்பது முதல் கேள்வி. ஆம். அதற்காகத்தான் போட்டேன்.

அதனால் அந்தக் காலின் ஜவ்வும் கிழியக்கூடும் என்று தெரியுமா என்பது இரண்டாவது. தெரியும். ஆட்டத்துக்கு முந்தின வாரமே அந்த வாய்ப்பைக் கணக்கிட்டேன். வழக்கத்தைவிட நான்கு மடங்கு. குறிப்பேட்டில் பதினேழாம் பக்கம், ஓரத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறேன். நான்கு மடங்கு என்பது கேட்கத்தான் பெரிதாக இருக்கும். சின்ன எண்ணின் நான்கு மடங்கும் சின்ன எண்தான். வேதியியல் பேராசிரியர் மற்றவர்களுக்கு இதை விளக்கிவிடுவார் என்று நம்புகிறேன்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவள் மறுத்திருப்பாள் என்பதால்தான் சொல்லவில்லை என்று எழுதியிருப்பேன். மறுத்திருந்தால் அவளுக்கு அந்தப் பன்னிரண்டு புள்ளிகள் கிடைத்திருக்காது.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போனேன். வலது காலில் அறுவை முடிந்து கட்டுப் பிரித்திருந்தார்கள். அவள் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில், அதே சீருடையில், உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. ஏணிக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் நகலை அவளுக்கும் அனுப்பியிருந்தேன்.

கையில் அளவுநாடா இருந்தது. போர்வையை விலக்கி, முதலில் இடது தொடையைச் சுற்றி அளந்தேன். பிறகு வலது.

“இன்னும் என்னத்த அளக்கறே?” என்றார் அவள் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை.

இடது நாற்பத்திரண்டு. வலது நாற்பத்திரண்டு. சரிபார்க்க மறுபடியும் அளந்தேன். இந்த இரண்டு கால்களுக்கும் நடுவே இப்போது ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. நூறு சதவீதம். அவளை அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த எண் இதுதான். அதை அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறுவைக்குப் பிறகு சோர்வு இருக்கத்தான் செய்யும்.